பாய்மரத்துக்கு எது காவல்: கயிறா, செம்பா, தோலா, வார்னிஷா?

குளச்சல் கரையில் இப்போது பாய் விரிக்கிற வள்ளத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எல்லாம் எஞ்சின். பாட்டா விட்டுப்போன ஒரு வள்ளத்தைப் பாயோடு வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவன் நான். அதன் தேக்குப் பாய்மரத்துக்கு முதல் வருஷம் ஆறு கை வார்னிஷ் அடித்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. சில மாதத்தில் பருமல், அதாவது பாயைத் தாங்குகிற குறுக்குக் கழி, உரசுகிற இடம் வெறும் மரமாகிவிட்டது. அதைச் சுற்றி வார்னிஷ் செதில் செதிலாக எழும்பி, அடியில் மரம் கறுத்துக் கிடந்தது.

தப்பு வார்னிஷுடையது இல்லை. அது மரத்தின் மேல் படிந்த தோல். ஓரிடத்தில் கிழிந்தால் தண்ணீர் அந்த வழியாகப் பக்கவாட்டில் ஊறிப் போகும். போனது வெளியே வர வழியில்லை. உரசலுக்கு ஒரு காவலும் வெயிலுக்கு வேறொரு காவலும் வேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது.

முதலில் உரசல். தென்னந்தும்புக் கயிறை நெருக்கமாகச் சுற்றிக் கட்டுவது நம்மூர்ப் பழக்கம். செலவே இல்லை, அறுந்தால் வேறு சுற்றலாம். ஆனால் உப்புத்தண்ணி குடித்த தும்பு லேசில் காயாது. அடியில் மரமும் காயாது. பிவிசி குழாயைப் பிளந்து மாட்டியும் பார்த்தேன். வெயிலில் மொறுமொறுத்து வெடித்தது. இடுக்கில் தண்ணீர். கழற்றி எறிந்தாயிற்று.

செம்புத் தகடு அப்படித் தள்ளக்கூடியது இல்லை. உரசலை அதைப்போலத் தாங்குவது வேறில்லை. மெல்லிய தகட்டை வளைத்து, அடியில் மக்கு பூசி, செம்பு ஆணியால் அறைய வேண்டும். அவசரத்துக்கு இரும்பு ஆணி அடித்தால் கடல்தண்ணியில் செம்போடு சேர்ந்து இரும்புதான் முதலில் அரித்துப் போகும். செம்பில் பூக்கிற களிம்பு பாயில் பச்சைக் கறையாக இறங்கும். அதைக்கூடப் பொறுக்கலாம். எனக்குப் பிடிக்காதது, ஆணித்துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே மரம் உளுத்தாலும் தகடு வெளியே பளபளவென்று இருக்கும் என்பதுதான்.

தோல் என்றால் எல்லாத் தோலும் ஆகாது. வெட்டிய ஓரம் நீலச் சாம்பலாக இருந்தால் அது குரோம் உப்பில் பதனிட்ட தோல். ஆவாரம்பட்டை போன்ற பட்டையில் பதனிட்டது ஓரம் முழுக்கப் பழுப்பாக இருக்கும், அதுதான் வேண்டும். நல்ல தண்ணியில் ஊறவைத்து, ஒரு விரல் இடைவெளி விழும்படி சின்னதாக வெட்டி, இழுத்துத் தைத்தால் காயும்போது சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். நாகர்கோவிலில் செருப்புத் தைக்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அளவைப் பார்த்துவிட்டு, “இது எந்தக் காலுக்கு சாரே?” என்றார்.

தோலிலும் ஒரு பகை உண்டு, அது நம் கரைக்கே உரியது. மணவாளக்குறிச்சிப் பக்கத்து மண்ணில் இல்மனைட், சிர்கான் என்ற தாதுக்களோடு கார்னெட்டும் இருக்கிறது. உப்புத்தாளில் ஒட்டுகிற அதே கார்னெட். தோலுக்குக் கொழுப்பைத் தாராளமாகப் பூசிவிட்டுப் பருமலை மண்ணில் போட்டால், மண் ஒட்டிக்கொண்டு, மரத்தைக் காக்க வந்த தோலே மரத்தைத் தேய்க்கும். கொழுப்பு மெல்லியதாக, துணியால் துடைத்து.

நான் தோலையும் முதலில் பாய்மரத்தில்தான் சுற்றப் போனேன். வள்ளம் செய்கிற வயசான ஆசாரி ஒருவர் தடுத்தார்: “மக்களே, உடுப்பைப் பருமலுக்குப் போடு. பாய்மரத்துக்கு எதுக்கு?” யோசித்தால் சரிதான். பருமலில் உரசும் இடம் ஒன்றே. பாயை ஏற்ற இறக்க, பாய்மரத்தில் அந்த இடம் மேலும் கீழும் ஓடும். முழுக்க மூடினால்தான் காவல். பருமல் தினமும் கீழே இறங்குகிறது, தையல் விட்டால் கண்ணில் படும். பாய்மரம் குறுக்குப் பலகையில் நுழைகிற துளையின் விளிம்புக்கும் ஒரு துண்டு தோல் வைத்தேன்.

இனி வெயில். சாளை (மத்தி) மீன் எண்ணெய் மலிவு, உரித்தெடுக்கிற வேலை இல்லை, மேலே மேலே பூசலாம். நாற்றம் பழகிவிடும், வீட்டார் மூக்குக்குத்தான் பழகாது. முந்திரி ஓட்டு எண்ணெய் பூச்சியை அண்டவிடாது. கையில் பட்டால் வெந்துபோகும். இரண்டையும் அடிக்கடி பூச வேண்டும், மழைக்கு முன் கட்டாயம். எப்பாக்ஸி தண்ணீரை நன்றாகத் தடுக்கும், ஆனால் வெயிலில் சிதையும்; அதன் மேலும் வார்னிஷ் வேண்டும். இரண்டு டப்பா கலக்கிற பாலியூரிதீன் கல் மாதிரி. காற்றில் வளைகிற மரத்தில் எனக்கு அது வேண்டாம். வெடித்தால் சுரண்டி எடுப்பதற்குள் உயிர் போகும்.

ஆகவே மீண்டும் வார்னிஷுக்கே வந்தேன், வெயிலைத் தாங்குகிற, வளைந்துகொடுக்கிற ஸ்பார் வார்னிஷுக்கு. முதல் கை டர்பன்டைன் கலந்து நீர்க்க, மரம் குடிக்கட்டும் என்று. பருமல் உரசும் பட்டையில் மட்டும் வார்னிஷ் கிடையாது, எண்ணெய்தான். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. அதனால் ஜனவரி முதல் மார்ச் வரைதான் தூரிகை எடுப்பது. அதிலும் காலைப்பனி உலர்ந்த பிறகு தொடங்கி, மாலை ஈரக்காற்று ஏறுவதற்குள் முடித்துவிடுவேன். உச்சியில் ஆஞ்சான், அதாவது பாயை ஏற்றுகிற கயிறு, ஓடுகிற துளைக்குள் தூரிகை போகாது. குச்சியில் துணி சுற்றி உள்ளே எண்ணெய் விடுகிறேன்.