மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்தார்கள்

சேலம் கோரிமேட்டில் இருக்கும் இந்த கார் ஒர்க்‌ஷாப்புக்கு நான் வந்தது, வேறு ஓர் இடத்தில் பணத்தைக் கொட்டிய பிறகு. நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் இவர்கள் செய்த வேலையின் அருமை புரியும்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹைபிரிட் கார், பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்தது. மகள் ஏற்காட்டில் இருக்கிறாள். வாரம் ஒரு தடவையாவது அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குவேன். போன நவம்பரில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிய ஆரம்பித்தது. லிட்டருக்கு 22 கொடுத்த வண்டி 18-க்கு இறங்கியது. முதலில் போன இடத்தில் ஸ்கேனரை மாட்டினார்கள், பி0135 என்ற கோளாறு எண் (கோடு) வந்தது, "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார்" என்றார்கள். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று அது அளந்து சொல்லும், அதை வைத்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைச் சரிசெய்யும். 13,400 ரூபாய்க்குப் புதிது போட்டார்கள். நான்காம் நாள் அதே விளக்கு. திரும்பப் போனால், அடுத்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் இரும்பாலையில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உலையின் வெப்பநிலை தப்பாகக் காட்டினால், அதை அளக்கும் தெர்மோகப்பிளைக் கழற்றுவதற்கு முன் ஒயரையும் டெர்மினலையும் பார்த்தாக வேண்டும், அது எங்களுக்கு முதல் பாடம். அந்தப் பழக்கத்தில் கழற்றிய பழைய சென்சாரையும் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். நல்லவேளை.

இங்கே வேலை பார்த்த தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. பானெட்டைத் திறப்பதற்கு முன் அவர் சொன்னது: "வண்டியை ஆஃப் பண்ணிட்டு, சாவியை எடுத்துட்டுப் போய் அந்த வேப்பமரத்தடியில உட்காருங்க சார்." ஹைபிரிட் வண்டி ரெடி நிலையில் இருந்தால் சத்தமே இல்லாமல் நிற்கும், திடீரென்று இன்ஜின் தானாக ஓட ஆரம்பிக்கும். கை எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும்? முதல் இடத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் கோடு என்ன சொல்கிறது என்று விளக்கினார். பி0135 என்றால் முன் சென்சாரை, அதாவது கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. சர்க்யூட் என்றால் சென்சார் மட்டும் இல்லை. ஃபியூஸ், ரிலே, ஒயர், கனெக்டர், கம்ப்யூட்டர் எல்லாம் அதில் அடக்கம். இந்த வகை சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சாதாரண வண்டியில் எக்ஸாஸ்ட் சூடு ஓரளவு உதவும். ஹைபிரிட்டில் ஐந்து ரோடு சிக்னலில் நின்றாலே இன்ஜின் அணைந்துவிடும், இறக்கத்தில் வெகுநேரம் அணைந்தே வரும், சென்சார் ஆறிவிடும். அதனால் ஹீட்டர் போனால் இந்த வண்டிக்குத்தான் பாதிப்பு அதிகம். என் மைலேஜ் குறைந்ததற்கும் அதுதான் காரணம்.

மல்டிமீட்டரை எடுத்து புது சென்சாரின் ஹீட்டரை அளந்தார்: 2.4 ஓம். நான் கொண்டுபோன பழையதையும் அளந்தார்: 2.3 ஓம். இரண்டுமே சரி. ஹீட்டர் அறுந்திருந்தால் மீட்டரில் எதுவும் வந்திருக்காது. அதாவது, கழற்றிய சென்சாரின் ஹீட்டரில் ஒரு குறையும் இல்லை. 13,400 ரூபாயை நினைத்து வயிறு எரிந்தது.

அடுத்ததாக அவர் செய்ததைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கனெக்டரில் வோல்டேஜ் பார்த்தார், 12-க்கு மேல் வந்தது. பலர் இதோடு சப்ளை சரி என்று விட்டுவிடுவார்கள். இவர் அதே இடத்தில் ஓர் இண்டிகேட்டர் பல்பை மாட்டினார். பல்பு மினுக்கென்று எரிந்தது, வோல்டேஜ் சடாரென்று விழுந்தது. ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு வோல்டேஜைக் காட்டிவிடும், கரண்ட் இழுத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஒயரைத் தடவிக்கொண்டே போனார். ஒரு கிளிப் உடைந்து, ஒயர் எக்ஸாஸ்டின் தகட்டு மூடியில் உரசி, மேலுறை உருகி, உள்ளே இரண்டு மூன்று இழைதான் மிச்சம். புது சென்சார் போடும்போது ஒயர் கொஞ்சம் அசைந்து ஒட்டியிருக்கும், அதனால்தான் நான்கு நாள் ஓடியிருக்கிறது.

கெட்ட துண்டை வெட்டி, புது ஒயர் இணைத்து, சூடு தாங்கும் உறை போட்டு, தகட்டிலிருந்து தள்ளி கிளிப்பில் மாட்டினார். சென்சாரோடு வரும் ஒயராக இருந்தால் ஈயம் வைத்து ஒட்ட மாட்டோம் என்றும் சொன்னார். பல சென்சார்களில் அந்த ஒயருக்குள் வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போகிறதாம், ஈயம் அடைத்துவிடும். இத்தனை வருடம் சென்சார்களோடு இருந்த எனக்கே அது புதுத் தகவல்.

வேலை முடிந்ததும் மெயின்டனன்ஸ் மோடில் போட்டு, இன்ஜின் நடுவில் அணையாமல் ஓடவிட்டு ரீடிங் பார்த்தார். பிறகு ஸ்கேனரை மாட்டியபடியே இருவரும் அடிவாரம் தாண்டி ஆறாவது வளைவு வரை ஏறினோம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இன்னோர் ஆக்சிஜன் சென்சார் 0.7 வோல்ட் பக்கம் அசையாமல் நின்றது. கன்வெர்ட்டர் ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம், அதையா மாற்றச் சொன்னார்கள்! இறங்கும்போது திடீரென்று 0.1-க்கும் கீழே போனது. நான் பதறிவிட்டேன். இறக்கத்தில் பெட்ரோலை நிறுத்திவிட்டு இன்ஜின் வெறுமனே சுற்றும்போது எக்ஸாஸ்டில் வெறும் காற்றுதான் வரும், அப்படித்தான் காட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

பில் 1,650 ரூபாய், கையால் எழுதியது, என்னென்ன அளந்தார்கள் என்ற விவரத்தோடு. குறை என்றால், உட்கார நிழல் அந்த ஒரு வேப்பமரம்தான், வயதானவர்களுக்குச் சிரமம். கூட்டமும் அதிகம், இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டுப் போவது நல்லது. ஹைபிரிட்டின் உயர் வோல்டேஜ் ஆரஞ்சு கேபிள், பெரிய பேட்டரி சம்பந்தப்பட்ட வேலைக்குத் தங்களிடம் வசதி இல்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள், அதற்கு இங்கே போக வேண்டாம்.

ஏழு வாரம் ஆகிறது, விளக்கு எரியவில்லை. மைலேஜ் 21-க்கு மேல் வந்துவிட்டது. பழைய சென்சாரைப் பேப்பரில் சுற்றி டிக்கியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.