கும்பகோணத்தில் அப்பாவின் பிளட் கல்ச்சர் ரிப்போர்ட்

இந்த முறை ஊரில் கல்யாணம், கோயில், பேங்க் வேலை எல்லாம் நல்லபடியாக முடிந்தன. எழுத வந்தது ஒரே ஒரு தாளைப் பற்றி.

அப்பாவுக்குக் காய்ச்சல். முன்பெல்லாம் டைஃபாய்டுக்கான பழைய ரத்தப் பரிசோதனையான வைடால் டெஸ்ட் ஒன்று, அப்புறம் ரொட்டியும் பாலும், அவ்வளவுதான். இப்போது மருந்து தொடங்கும் முன்பே இரண்டு பாட்டிலில் ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பிவிட்டார்கள். லண்டனில் மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. டைஃபாய்டு கிருமியான சால்மோனெல்லா டைஃபி வளர்ந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு 'எஸ்', அதாவது மருந்து கேட்கும் என்று ரிப்போர்ட். மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவே இல்லை.

ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தேன். வெறும் எஸ், ஆர் (மருந்து கேட்காது) எழுத்துகள்தான். மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் மில்லிமீட்டர் அளவு இல்லை, எந்த ஆண்டு விதிப்படி எஸ், ஆர் போட்டார்கள் என்பதும் இல்லை. ஜென்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்குக்கும் ஒரு எஸ்! டைஃபாய்டு கிருமி செல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். லேபில் கிருமி வளர்க்கும் பிளேட்டில் ஜென்டாமைசினுக்கு அடங்கினாலும் உடம்பில் அடங்காது. அந்த வரியே இருக்கக் கூடாது.

நேரே லேபுக்குப் போனேன். டெக்னீஷியன் தம்பி முகம் சுளிக்காமல் ஃபிரிட்ஜிலிருந்து பிளேட்டை எடுத்து வந்தார். சிப்ரோ வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம். ஸ்கேல் வைத்து அளந்தோம்: 24 மி.மீ.

"21க்கு மேல இருந்தா எஸ் தானேக்கா?"

சுவரில் லேமினேட் செய்த சி.எல்.எஸ்.ஐ. அட்டவணை; எத்தனை மி.மீ. இருந்தால் எஸ் என்று லேப்களுக்கு எல்லை வகுக்கும் அமெரிக்க அமைப்பு அது. ஆண்டு 2010. அன்றைக்கு அது சரி. ஆனால் அந்தக் கணக்கில் எஸ் வந்த டைஃபாய்டு நோயாளிகளுக்கே மருந்து கேட்காமல் போனதால், 2012இல் சால்மோனெல்லாவுக்குத் தனியாக எல்லையை 31 ஆக உயர்த்திவிட்டார்கள்.

தம்பியின் கைவேலையில் குறையே இல்லை. கிருமி சீராகப் பரவியிருந்தது, வட்டத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தது. எங்கள் லேபில் பழைய அட்டவணை ஒரு ஆடிட்டைத் தாண்டாது. இங்கே இவருக்குப் புதியதை யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்? இத்தனை வருஷமாக எத்தனை வீட்டில் இதே மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருந்தார்களோ! நினைத்தாலே வயிறு எரிகிறது.

டாக்டர் அன்றே செஃப்ட்ரியாக்சோனுக்கு மாற்றினார். மெல்ல மெல்லக் காய்ச்சல் விட்டது. மாலையில் திருத்திய ரிப்போர்ட்டும் வந்தது. சிப்ரோவுக்கு எஸ் போய் 'ஐ', அதாவது இடைநிலை; ஜென்டாமைசின் வரி இல்லை. மில்லிமீட்டர் மட்டும் இன்னும் போடவில்லை. கேட்டால், சாஃப்ட்வேரில் அதற்குக் கட்டமே கிடையாதாம்.