துபாய் டூரில் நிலா காட்டுகிறோம் என்றால், உதய நேரத்தைக் கேளுங்கள்

வேலூர்ப் பக்கமிருந்து துபாய் போகிறவர்களிடம் ‘பாலைவனத்தில் டெலஸ்கோப் வழியாக நிலா’ என்று தனியாகப் பணம் கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள். தலைக்கு 2,500 வீதம் நாலு பேருக்கு 10,000 ரூபாய் கட்டிவிட்டு, வெறும் இருட்டைப் பார்த்துவிட்டு வந்தோம்.

பணம் கட்டும்போதே எனக்குச் சந்தேகம். பௌர்ணமி முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்குமே என்று கேட்டேன். “முழு நிலாவில் ஒண்ணும் தெரியாது சார். வெளிச்சம் நேரா விழும், நிழலே இருக்காது. பாதி நிலாவிலதான் பள்ளமெல்லாம் எடுப்பாத் தெரியும்” என்றார் டிராவல்ஸ்காரர். அதில் பொய்யே இல்லை. அதனால்தான் ஏமாந்தேன். வளர்பிறை அஷ்டமி என்றால் பொழுது சாயும்போதே நிலா உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். பௌர்ணமிக்கு அப்புறமோ நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளி உதித்து, தேய்பிறை அஷ்டமியில் நடுராத்திரி ஆகிவிடும். எங்களுக்குக் கொடுத்தது தேய்பிறை சப்தமி. சஃபாரி வண்டியோ 9 மணிக்கெல்லாம் ஹோட்டலில் கொண்டுவந்து விட்டுவிடும்!

மாதம் தவறாமல் திருவண்ணாமலை கிரிவலம் போகிற அப்பா வீட்டிலேயே இருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

சாப்பாடு முடிந்ததும் டெலஸ்கோப்பிடம் கூட்டிப்போனார்கள். ஸ்டாண்டின் ஒரு கால் மணலில் புதைந்து, தொட்டாலே ஆடியது. கண் வைக்கிற கண்ணாடியில் கபாப் எண்ணெயோடு யாருடைய விரல் ரேகையோ. ஏதோ ஒரு நட்சத்திரத்தின் பக்கம் திருப்பிவைத்து, பாருங்கள் பாருங்கள் என்றான் அந்தப் பையன். அப்பா குனியவே இல்லை. கிழக்கே ஒரு தடவை பார்த்துவிட்டு, “சப்தமிக்கு எட்டு மணிக்கே நிலா எங்கடா வரும்?” என்றார். வண்டி ஓட்டியவர் கீழக்கரைக்காரர். “இன்னிக்குப் பிறை இருபத்தொண்ணு ஆச்சேய்யா, பதினொரு மணிக்கு மேலதான்” என்று அவரும் சொன்னார். விரல்விட்டு எண்ணுகிற கணக்கு, ஆளாளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

ஊர் திரும்பிப் பணத்தைக் கேட்டால், “டெலஸ்கோப் வெச்சோமா இல்லையா? நிலா இயற்கை சார்” என்கிறார். பில்லைப் பார்த்தால் ‘பாலைவன நிகழ்ச்சி’ என்று மொட்டையாகப் போட்டிருக்கிறது, நிலா என்ற சொல்லே இல்லை. அடுத்த டூரில் 1,500 கழிக்கிறாராம். ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு துபாய்க்குப் போனாயே என்று அப்பா இன்னும் விடவில்லை.

பணம் கட்டுவதற்கு முன் துபாய் நேரப்படி நிலா எத்தனை மணிக்கு உதிக்கிறது, வண்டி எத்தனை மணிக்குத் திரும்புகிறது, இரண்டையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நம் ஊர் உதய நேரத்தைப் பார்த்து நம்ப வேண்டாம்.

நேற்று அந்த ஆபீஸ் கதவில் அடுத்த மாத நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தேதியைக் காலண்டரில் பார்த்தேன். தேய்பிறை நவமி.