ஸ்வெட்டர் கைக்குள் இரண்டு ஜப்பான் வாட்ச்

குன்னூர்க்காரன் நான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். 2016 தொடக்கத்தில் வாங்கிய சீக்கோ 5 ஒன்றும், 2019-இல் வாங்கிய சிட்டிசன் எக்கோ டிரைவ் ஒன்றும் மாறி மாறிக் கையில் இருக்கும். அதற்கு முன்னால் வீட்டில் இருந்தது அப்பாவின் எச்எம்டி. 1961-இல் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் தொழிற்சாலை வந்தபோது கூட்டுச் சேர்ந்ததும் சிட்டிசன்தான். அந்த வகையில் ஜப்பான் எங்கள் வீட்டுக்குப் பழைய உறவு.

சீக்கோ, எஸ்என்கே 809 மாடல். கறுப்பு டயல், 37 மில்லிமீட்டர். என் ஒல்லிக் கைக்குச் சரியாக இருக்கிறது. பின்மூடியில் வரிசை எண் 5-இல் தொடங்கும், அடுத்த எழுத்து ஆங்கில ‘என்’. அதாவது 2015 நவம்பரில் செய்தது. முதல் எண் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒன்று முதல் ஒன்பது வரை எண், அக்டோபருக்குச் சுழி (ஆங்கில ‘ஓ’ போலவும் இருக்கும்), நவம்பர், டிசம்பருக்கு எழுத்து. பழைய சீக்கோ வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். இணையத்தில் மலிவாக வரும் பழைய சீக்கோ 5-களில் பாதிக்கு டயலில் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். எழுத்துகள் தடித்து, ஓரம் பிசிறாக இருந்தால் கிட்டே போகாதீர்கள். எவ்வளவு பளபளப்போ அவ்வளவு சந்தேகம்.

உள்ளே இருப்பது 7எஸ்26 என்ற ஆட்டோமேட்டிக் மெஷின். பேட்டரி இல்லை, சாவி கொடுக்கவும் முடியாது. கை அசைந்தால்தான் ஓடும். கழற்றி வைத்தால் ஏறக்குறைய நாற்பது மணி நேரம் தாங்கும். சனிக்கிழமை காலை கழற்றினால் ஞாயிறு ராத்திரி நின்றிருக்கும். திங்கள்கிழமை நாலு ஆட்டு ஆட்டி, நேரம் வைத்து, கிழமை தேதி திருத்த வேண்டும். தேதியை இரவு ஒன்பதுக்கு மேல் திருத்தக் கூடாது. உள்ளே பல்சக்கரம் அந்த நேரத்தில்தான் தேதி மாற்றும் வேலையில் இருக்கும்.

இரவு ஷிப்டில் இருப்பவனுக்கு மட்டும் கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. என் வாட்ச்சில் கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கிறது. நள்ளிரவு தாண்டினால் முதலில் அரபிக் கிழமை மெல்ல ஏறி வரும், வெகுநேரம் கழித்துத்தான் ஆங்கிலம். கொழுந்து வாட்டும் தொட்டிக்கும் டிரையருக்கும் நடுவே நடந்துகொண்டே இதை எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன்.

நேரம்? தினம் பதினைந்து நொடி முந்தும். எனக்கு அது பிரச்சினையில்லை. மூன்றாம் வருடம் திடீரென்று தினம் நாலு நிமிடம் முந்த ஆரம்பித்தது. ஊட்டி மார்க்கெட் பக்கம் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். பின்மூடியைத் திறக்கவே இல்லை. சின்னத் திசைகாட்டி ஒன்றைக் கண்ணாடிமேல் வைத்தார். அதன் முள் கிடுகிடுவென்று நடுங்கியது.

“ராத்திரி இதை எங்க தம்பி வைப்பீங்க?”

“ஸ்பீக்கர் பக்கத்துலங்க ஐயா.”

“அதான். காந்தம் ஏறியிருக்கு.”

ஒரு டப்பாவின்மேல் வைத்து, பட்டனை அழுத்தி, மெதுவாக மேலே தூக்கினார். அவ்வளவுதான் வைத்தியம். அன்று முதல் பழைய பதினைந்து நொடிக்கே வந்துவிட்டது.

இன்னொரு முறை அவசரப்பட்டேன். மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் பின்மூடியைத் திறந்து கொஞ்சம் வேகம் குறைக்கச் சொன்னேன். மூடும்போது ரப்பர் வளையத்தைச் சரியாக உட்கார வைக்கவில்லை. பைக்கில் பர்லியார் தாண்டியதுமே கண்ணாடிக்குள் பனி பிடித்துவிட்டது. கீழே வெக்கையில் உள்ளே புகுந்த ஈரக் காற்று, மேலே குளிரில் நீராகிக் கண்ணாடியில் ஒட்டுகிறது. மறுநாள் திரும்பத் திறந்து, காயவைத்து, வளையம் மாற்ற இருநூறு ரூபாய். மலையில் வாட்ச் வைத்திருப்பவர்கள் மூடியைத் திறந்தால், மழையில்லாத நல்ல வெயில் நாளில், மேலேயே திறக்கச் சொல்லுங்கள்.

சிட்டிசன் பிஎம் 8180 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அது தப்பே செய்யாது. வெளிச்சத்தில் சார்ஜ் ஏறும், முழுதாக ஏறினால் ஆறு மாதம் ஓடும், நேரம் மாதத்துக்குச் சில நொடிதான் தள்ளும். ஆனால் ஒரு கார்த்திகை மாதம் நொடி முள் இரண்டிரண்டு நொடியாகக் குதிக்க ஆரம்பித்தது. கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். சார்ஜ் குறைந்தால் அப்படிக் குதித்து எச்சரிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு இரவு முழுக்க டியூப்லைட், பகலில் தூக்கம். வெளியே வந்தால் வாரக்கணக்கில் மழையும் பனிமூட்டமும். அதற்கும் மேல் ஸ்வெட்டர் கை. வாட்ச் சூரியனைப் பார்த்து எத்தனை நாளோ!

இப்போது சிட்டிசனை ஸ்வெட்டர் கைக்கு மேலே கட்டுகிறேன். லைன்மேன் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் கேலி. வெயில் அடிக்கும் நாளில் ஜன்னல் ஓரத்தில் ஜெரேனியம் தொட்டிக்குப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன். அங்கே ஸ்பீக்கர் கிடையாது.