30 மி.மீ. ஸ்பிரிங், 50 மி.மீ. ஸ்பிரிங், காயில்ஓவர்: சின்னக் காரைத் தாழ்த்த எது?

காரைத் தாழ்த்த நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவே தெரியும் இடைவெளியைத்தான். இரண்டு விரல் போகுமா, ஒரு விரல் போகுமா என்பதுதான் பேச்சாக இருக்கும். நான் இங்கே ஒப்பிடப் போவது வேறொன்றை: தாழ்த்திய பிறகு சக்கரம் மேலே ஏறி வர எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது? பம்ப் ஸ்டாப்பில் (சக்கரம் மேலே ஏறுவதை ஓர் எல்லையில் தடுக்கும் ரப்பர் கட்டை) முட்டும் வரை 80 மி.மீ. இருந்த வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 இறக்கினால் மிச்சம் 50, ஆனால் 50 இறக்கினால் வெறும் 30. பின் சீட்டில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்தால் அந்த 30-ல் பெரும்பகுதி நின்ற இடத்திலேயே போய்விடும்.

காரை 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் வகைக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஐபாக் நிறுவனத்தின் புரோ-கிட் (வண்டிக்கு வண்டி அளவு கொஞ்சம் மாறும்). இது புரோகிரசிவ் ஸ்பிரிங், அதாவது அமுங்க அமுங்கக் கெட்டியாகும் வகை. சில சுருள்கள் நெருக்கமாக இருக்கும், எடை ஏற ஏற அவை ஒன்றின்மேல் ஒன்று படிந்து வேலையிலிருந்து விலகிக்கொள்ள, மிச்சமுள்ள சுருள்கள் மட்டும் தாங்குவதால் ஸ்பிரிங் கெட்டியாகிறது. சின்ன மேடு பள்ளத்தில் இளக்கம், பெரிய பள்ளத்தில் கெட்டி, அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு இது போதும். ஆனால் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை (ஷாக்) மறக்கக் கூடாது. ஸ்பிரிங் 30 சதவீதம் கெட்டியானால் வண்டி ஆடும் வேகம் சுமார் 14 சதவீதம் கூடும், பழைய ஷாக் அந்த ஆட்டத்தை அடக்கும் திறன் ஒப்பீட்டளவில் 12 சதவீதம் குறையும். ஷாக் நல்ல நிலையில் இருந்தால் சமாளித்துவிடும். ஏற்கெனவே களைத்துப்போன ஷாக் என்றால் ஸ்பீடு பிரேக்கர் தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை துள்ளும், பழி மட்டும் ஸ்பிரிங் மேல் விழும்.

50 மி.மீ. வகையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஒரிஜினல் ஷாக்கோடு என்றால் நிச்சயமாக வேண்டாம். இடம் பாதிக்கு மேல் போய்விட்டதால் ஸ்பிரிங் மிகக் கெட்டியாக இருந்தாக வேண்டும், அப்படிச் செய்தால் உட்கார முடியாது என்று தயாரிப்பாளர் நடுவே எங்கோ நிறுத்துகிறார், கடைசியில் வண்டி பாதி நேரம் பம்ப் ஸ்டாப் மேலேயே ஓடுகிறது. வளைவின் நடுவில் முன்பக்கம் பம்ப் ஸ்டாப்பில் முட்டினால் வண்டி திரும்ப மறுத்து வெளியே தள்ளும், பின்பக்கம் முட்டினால் வால் சறுக்கும், இரண்டுமே திடீரென்று நடக்கும். தாழ்ந்தால் வளைவில் நன்றாக நிற்கும் என்ற நம்பிக்கையும் ஓர் அளவுக்குத்தான் சரி. சின்னக் கார்களில் முன்னால் பெரும்பாலும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நின்று, கீழே ஒரு கை மட்டும் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு). வண்டி இறங்கும்போது லோயர் ஆர்ம் என்ற அந்தக் கீழ்க் கை சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்கிறது, அதனால் ரோல் சென்டர் (வளைவில் வண்டியின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது, உடலைச் சாய்க்கும் நெம்புகோல் நீளம் கூடுகிறது. எடை மையம் இறங்கியதில் கிடைத்த லாபத்தை இது தின்றுவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு: ஜாக்கியில் தூக்கினால் குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடலாம். மாட்டி முடித்ததும் வண்டியைத் தூக்கி இதைக் கட்டாயம் பாருங்கள்.

காயில்ஓவர் என்பது ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்த ஒரே தொகுதி, அதில் உயரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். கேடபிள்யூ (KW) நிறுவனத்தின் வேரியன்ட் 1-ல் உயரம் மட்டும் மாறும், வேரியன்ட் 3-ல் ஷாக் அமுங்கும் வேகம், விரியும் வேகம் இரண்டையும் தனித்தனியாகத் திருகலாம். உட்கார்ந்து அளந்து சரிசெய்யப் பொறுமை உள்ளவர்களுக்கு அருமையான பொருள். ஒருமுறை மாட்டிவிட்டுத் தொடவே மாட்டேன் என்பவர்களுக்கு அந்தத் திருகுகள் வீண், சேறும் உப்பும் ஏறி மரை இறுகிப்போகும். மலிவான காயில்ஓவரைவிட நல்ல ஸ்பிரிங்கும் நல்ல ஷாக்கும் எவ்வளவோ மேல்.

என் ஓட்டு ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாக வரும் கிட்டுக்குத்தான், உதாரணமாக பில்ஸ்டீன் நிறுவனத்தின் பி12: ஐபாக் ஸ்பிரிங்கும், தாழ்த்திய வண்டிக்கென்றே குட்டையாகச் செய்த பி8 ஷாக்கும் சேர்ந்து வரும். செலவு கூடுதல்தான், ஆனால் ஸ்பிரிங், ஷாக் இரண்டுக்கும் மாட்டும் கூலி ஒரே தடவை.

ஸ்பிரிங்கை வெட்டுவது? வேண்டவே வேண்டாம். ஆறு சுருளில் ஒன்றை வெட்டினால் 20 சதவீதம் கெட்டியாகும் என்ற கணக்கு சரிதான், ஆனால் வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது, கேஸ் கட்டரால் வெட்டினால் இரும்பின் பதமும் போய்விடும்.

எதை வாங்கினாலும் மாட்டும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: ரப்பர் புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளை, வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே முறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்ததும் சக்கரங்களின் கோணத்தை, அதாவது அலைன்மென்ட்டை, மறுபடி பாருங்கள். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரை (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) திட்டுவார்கள், பெரும்பாலும் தின்பது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்). அப்புறம் ஹெட்லைட் உயரம், முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வண்டியென்றால் அதன் கேலிபரேஷனும் (புதிய உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்வது) பார்க்க வேண்டும்.