ரிலேயில் 'குரூப் 2' போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் கவனம் (டர்பன் வட்டாரம்)

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் 11 கிலோவோல்ட் (கே.வி.) இணைப்போடு தொழிற்சாலையோ குளிர்பதனக் கிடங்கோ நடத்துகிற நம்மவர்கள் இதை அவசியம் படியுங்கள். ரிலே என்பது ஷார்ட் ஆனால் கண்டுபிடித்து பிரேக்கரைத் திறக்கவைக்கும் பாதுகாப்புக் கருவி; அதில் போட்டுவைக்கும் ஒரு தொகுதி செட்டிங்தான் குரூப். எங்களை ஏமாற்றிய ஒப்பந்தக்காரர் இன்னும் இந்த வட்டாரத்தில்தான் வேலை எடுக்கிறார். விவகாரம் வக்கீலிடம் இருப்பதால் பெயர் எழுதவில்லை.

2022, 2023-இல் ஸ்டேஜ் 6 லோட் ஷெட்டிங் (முறைவைத்த கடும் மின்வெட்டு) போட்டு வாட்டியபோது 1 எம்.வி.ஏ. ஜெனரேட்டர் வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக எங்கள் 11 கே.வி. பஸ்ஸில் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொது இணைப்பில்) சேர்த்தோம். வேலைக்கு வந்த அந்த ஒப்பந்தக்காரர் கோயில் பழக்கம். "அண்ணா, குரூப் 1 மாநகராட்சி சப்ளைக்கு, குரூப் 2 ஜெனரேட்டருக்கு. தானாகவே மாறிக்கொள்ளும், நீங்கள் கண்ட்ரோல் ரூமிலிருந்தும் மாற்றலாம்" என்றார். கொட்டேஷனில் அதற்கெனத் தனி வரி, தனி விலை. முழுப் பணமும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு குரூப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 11 கே.வி.யில் 1 எம்.வி.ஏ. என்றால் முழு லோடே 52 ஆம்பியர் சொச்சம்தான். கேபிளில் ஷார்ட் ஆனால் மாநகராட்சிப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். எங்களுடையது போன்ற ஜெனரேட்டர் தொடர்ந்து தள்ளக்கூடியது அதன் முழு லோடைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, அதாவது 150, 160 ஆம்பியர். எங்கள் ஃபீடர் (பஸ்ஸிலிருந்து கிளம்பும் கேபிள் லைன்) ரிலேயின் குரூப் 1 பிக்கப், அதாவது ரிலே செயல்படத் தொடங்கும் கரண்ட், 200 ஆம்பியர். ஜெனரேட்டர் ஓடும்போதும் அதே எண் இருந்தால், கேபிள் எரிந்துகொண்டிருந்தாலும் ரிலே அசையாது.

அப்படித்தான் ஆயிற்று. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கேபிள் டெர்மினேஷன் (கேபிளின் முனை இணைப்பு) வெடித்தது. ஃபீடர் பிரேக்கர் அப்படியே மூடி நின்றது. கடைசியில் ஜெனரேட்டரே தன் பாதுகாப்பில் விழுந்து ஆலை முழுக்க இருட்டானது. அந்தக் கேபிள் பெட்டி கரியாகிவிட்டது. அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லாதது எங்கள் நல்ல காலம்.

வேறொரு டெக்னீஷியனைக் கூப்பிட்டோம். லேப்டாப்பை இணைத்து இரண்டு குரூப்பையும் ஒப்பிட்டுக் காட்டினார். பிக்கப், எவ்வளவு நேரத்தில் ட்ரிப் ஆகவேண்டும் என்பதை முடிவுசெய்யும் டைம் மல்டிப்ளையர், கர்வ், ஒன்றிலும் ஓர் இலக்கம்கூட மாறவில்லை. ஒப்பந்தக்காரர் குரூப் 1-ஐக் காப்பி செய்து குரூப் 2-இல் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் தந்த கமிஷனிங் ரிப்போர்ட்டில் (வேலை முடித்துச் சோதித்ததற்கான அறிக்கை) குரூப் 2-க்கு ஒரு பக்கம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. சோதனைக்காக ரிலேக்குள், அதாவது சி.டி.யின் செகண்டரிப் பக்கத்தில், 5 ஆம்பியர் செலுத்தியதாக எழுதியிருக்கிறது. எங்கள் சி.டி. (கேபிள் கரண்டைச் சிறிதாக்கி ரிலேக்குத் தரும் கருவி) 200/1, ஆகவே அது கேபிளில் 1000 ஆம்பியருக்குச் சமம். அந்த ஜெனரேட்டர் எந்தக் காலத்திலும் தர முடியாத கரண்ட். மூன்று ஃபேஸுக்கும் எழுதிய ட்ரிப் நேரங்கள் குரூப் 1-க்கான முந்தைய பக்கத்தோடு மில்லிசெகண்ட் பிசகாமல் ஒத்துப்போகின்றன. உண்மையில் சோதித்தால் ஒரே ஃபேஸை அடுத்தடுத்து இரண்டு முறை செலுத்தினாலும் சில மில்லிசெகண்ட் முன்பின் வரும். உங்கள் ரிப்போர்ட்டையும் எடுத்து இந்த இரண்டையும் பாருங்கள்.

குரூப் மாறும் வழியும் சரியில்லை. பி.எல்.சி. (ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினி) ஒரு ரிமோட் பிட்டை (வெளியிலிருந்து ரிலேக்குள் போடும் ஆன்/ஆஃப் குறி) செட் செய்தால் குரூப் 2, எடுத்துவிட்டால் குரூப் 1 என்று லாஜிக் எழுதியிருக்கிறார். எங்கள் ரிலேயில் (இன்னும் பல ரிலேக்களிலும் இப்படித்தான்) பேட்டரியிலிருந்து வரும் டிசி சப்ளை போய்த் திரும்பினால் ரிமோட் பிட் பூஜ்யமாகிவிடும்; ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் ரிலே குரூப் 1-க்குப் போய்விடும். லோட் ஷெட்டிங்கில் நலிந்த பேட்டரி இங்கே எத்தனை பேனல்களில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஜெனரேட்டர் பிரேக்கரின் ஆக்சிலரி கான்டாக்டை (பிரேக்கர் மூடியிருக்கிறதா என்று காட்டும் சிறு சுவிட்ச்) நேராக ரிலே இன்புட்டில் கொண்டுவந்து, சின்னதாக ஒரு தாமதம் வைத்துக் குரூப்பைத் தேர்வு செய்தால் இந்தச் சிக்கலே இல்லை. இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறோம்.

இதையெல்லாம்விட என்னைப் பதறவைத்தது லோக்கல்/ரிமோட் சுவிட்ச். அதை லோக்கலில் வைத்தால் தூரத்திலிருந்து வரும் கட்டளை மறுக்கப்பட வேண்டும். பிரேக்கரை டெஸ்ட் பொசிஷனுக்கு (பஸ்ஸோடு தொடர்பில்லாத சோதனை நிலை) இழுத்து, சுவிட்சை லோக்கலில் வைத்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து க்ளோஸ் கட்டளை அனுப்பச் சொன்னேன். டப்பென்று பிரேக்கர் மூடியது! சுவிட்சின் கான்டாக்ட் ரிலேக்குள் வந்து ஒரு விளக்கை எரியவைப்பதோடு சரி, க்ளோஸ் லாஜிக்கில் அது சேர்க்கப்படவே இல்லை. லோக்கலில் இருக்கிறதே என்று நம்பி அந்தப் பேனலில் கை வைத்து வேலை செய்பவர்கள் எங்கள் பையன்கள். பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன், இதை விடமாட்டேன்.

ஃபோனில் கேட்டால், "செட்டிங் ஃபைல் எங்கள் சொத்து, பாஸ்வேர்டு தர முடியாது" என்கிறார். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய ரிலே அது. நீங்கள் ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள்: கடைசியாக ரிலேயில் இருக்கும் செட்டிங் ஃபைல், எல்லா நிலை பாஸ்வேர்டுகள், ஒவ்வொரு குரூப்புக்கும் தனியாக இன்ஜெக்‌ஷன் டெஸ்ட், அதுவும் உங்கள் ஆள் பக்கத்தில் நிற்கும்போது. லோக்கலில் வைத்து ரிமோட் கட்டளை மறுக்கப்படுவதையும் டிசியை அணைத்துப் போட்டபின் எந்தக் குரூப்பில் எழுகிறது என்பதையும் செய்துகாட்டச் சொல்லுங்கள். இவை முடியும்வரை கடைசித் தவணையைப் பிடித்துவையுங்கள்.