ஹார்த்ஸ்டோனும் மார்வெல் ஸ்னாப்பும்: இரண்டையும் நெடுநாள் ஆடிப் பார்த்ததில்

மார்வெல் ஸ்னாப் என்ற கார்டு ஆட்டம் வந்த புதிதில் அதைப் போனில் இறக்கிப் பார்க்க எனக்கு இருந்த ஒரே காரணம் பென் பிரோட். பிளிசார்டு நிறுவனத்தின் ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் கார்டு ஆட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர். புதுக் கார்டுத் தொகுப்பு வரும்போதெல்லாம் வீடியோவில் வந்து வெடிச்சிரிப்போடு கார்டுகளைக் காட்டுவார். 2018இல் பிளிசார்டிலிருந்து விலகி, சிலரோடு சேர்ந்து செகண்ட் டின்னர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே உருவாகி 2022 அக்டோபர் 18இல் வெளியானதுதான் ஸ்னாப். ஹார்த்ஸ்டோன் 2014 மார்ச்சில் வந்த ஆட்டம். ஒரே மனிதரின் கை பட்ட இரண்டு ஆட்டங்கள், நடுவில் எட்டு வருட இடைவெளி. பழையதில் அவருக்கு எதெல்லாம் உறுத்தியிருக்கும் என்பது புதியதை ஆடும்போதே புரிந்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டக்களத்தில் ஸ்னாப்தான் மேல். ஆனால் கார்டு சேர்க்கும் முறையில் ஹார்த்ஸ்டோன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஒரு மாதம் ஆடிவிட்டு விடுகிறவருக்கு முதலாவது போதும். வருடக்கணக்கில் ஆடுகிறவருக்கு இரண்டாவதுதான் வாழ்வா சாவா.

எனக்கு வீடு தமிழக எல்லையில் புளியரை, வேலை கேரளத்தில் புனலூர். தினமும் கோட்டைவாசல் வளைவுகளில் ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாக இறங்க வேண்டும். பஸ்ஸானாலும் ரயிலானாலும் காட்டுக்குள் சிக்னல் வந்து வந்து போகும். பகவதிபுரம் தாண்டி ரயில் குகைக்குள் நுழைந்தால் அதுவும் கிடையாது. துப்பாக்கிச் சண்டை, கார் பந்தயம் மாதிரியான ஆட்டங்கள் இந்தப் பாதையில் செல்லுபடியாகாது. முறை வைத்து ஆடும் கார்டு ஆட்டம்தான் தாங்கும். இரண்டுமே தொடர்பு அறுந்தால் திரும்ப இணைந்து விட்ட இடத்திலிருந்து தொடரவிடும். ஆனால் கடிகாரம் நமக்காக நிற்காது.

இங்கேதான் முதல் வித்தியாசம். ஹார்த்ஸ்டோனில் இருவரும் மாறி மாறி ஆட வேண்டும். ஒரு முறைக்கு 75 விநாடி. இருவருக்கும் 30 உயிர், டெக் எனப்படும் 30 கார்டுக் கட்டு, கார்டு வைக்கச் செலவாகிற, ஒவ்வொரு முறையும் ஒன்று ஒன்றாக ஏறிப் பத்தில் நிற்கும் மேனா. எதிரில் இருப்பவர் யோசித்து யோசித்து ஆடுகிறவராக இருந்து, இருவர் கையிலும் தற்காப்பு டெக் இருந்துவிட்டால், ஆரியங்காவில் தொடங்கிய ஆட்டம் தென்மலையிலும் முடியாது. ஸ்னாப்பில் டெக்கே 12 கார்டுதான். மொத்தம் ஆறு டர்ன், இருவரும் ஒரே நேரத்தில் கார்டு வைத்து ஒன்றாகத் திறக்கிறார்கள். மூன்று இடங்களில் இரண்டில் யாருக்குப் பலம் அதிகமோ அவருக்கு வெற்றி. மூன்று, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்தவர் முறைக்காகக் காத்திருக்கும் சலிப்பை அப்படியே வெட்டி எறிந்திருக்கிறார்கள். ஹார்த்ஸ்டோனை ஆடியவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

அந்த மூன்று இடங்களும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். முதல் மூன்று டர்னில் ஒவ்வொன்றாகத் திறக்கும். சென்ட்ரல் பார்க் வந்தால் எல்லா இடத்திலும் ஓர் அணில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பார் சினிஸ்டரில் ஒரு கார்டு வைத்தால் அதன் நகல்களே அந்த இடத்தை நிரப்பிவிடும். ஈகோ வந்துவிட்டால் நம் கையிலுள்ள கார்டுகளை அதுவே எடுத்து ஆடும், நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இது அநியாயம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். எழுந்து போவதுதான் இந்த ஆட்டத்தின் உயிரே.

ஆட்டம் ஒரு கியூப் பந்தயத்தில் தொடங்குகிறது. கியூப் என்பது தரவரிசையில் நம்மை ஏற்றி இறக்கும் புள்ளி. ஜெயிப்போம் என்று நம்பினால் ஸ்னாப் பொத்தானைத் தட்டலாம். பந்தயம் இரட்டிக்கும். எதிராளியும் தட்டினால் இன்னொரு மடங்கு. கடைசி டர்னில் தானாகவே ஒருமுறை இரட்டிக்கும். ஆக அதிகபட்சம் எட்டு. எந்த நேரத்திலும் பின்வாங்கலாம். அவர் ஸ்னாப் செய்த அதே டர்னில் கிளம்பினால் பழைய பந்தயம் மட்டும்தான் போகும்.

கணக்கைப் பாருங்கள். பத்து ஆட்டத்தில் ஆறில் தோற்கிறீர்கள், ஆனால் அந்த ஆறிலும் நிலைமையை முன்பே உணர்ந்து ஒரு கியூபோடு கிளம்பிவிடுகிறீர்கள். போனது ஆறு. ஜெயித்த நான்கிலும் தலைக்கு நான்கு கியூப் எடுத்தால் வந்தது பதினாறு. பாதிக்கு மேல் தோற்றும் பத்து கியூப் ஏறியிருக்கிறீர்கள். ஹார்த்ஸ்டோனின் தரவரிசையில் பிரான்ஸிலிருந்து டைமண்ட் வரை ஏறி அப்புறம் உச்சியான லெஜெண்டைத் தொட, கடைசிக் கட்டத்திலாவது தோல்வியைவிட வெற்றி கூடுதலாக இருந்தே தீர வேண்டும். அங்கே நேர்மையாகத் தோற்றாலும் போவது ஒரு நட்சத்திரம், கேவலமாகத் தோற்றாலும் ஒரு நட்சத்திரம். ஸ்னாப்பில் எப்போது தோற்பது என்பதே ஒரு திறமை.

என் அக்கா மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசிவரை நின்று பார்ப்பதுதான் அவனுக்கு வீரம். கா-சார் டெக் ஆடுவான். வைக்க ஒரு எனர்ஜி மட்டும் செலவாகும் கார்டுகளாகக் களத்தை நிரப்பி, கா-சாரை இறக்கி எல்லாவற்றுக்கும் பலம் கூட்டுகிற டெக். எதிராளி கில்மாங்கர் வைத்தால் ஒரு எனர்ஜி கார்டு அத்தனையும் ஒரே நொடியில் காலி. "மாமா, அவன் கையில கில்மாங்கர் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பான். தெரியும் என்பதுதான் விஷயம். ஜெயித்துக்கொண்டிருப்பது நாம், ஆனால் ஸ்னாப் செய்வது அவர் என்றால் அந்தக் கையில் ஏதோ இருக்கிறது. சில நேரம் ஒன்றுமே இருக்காது, வெறும் மிரட்டல்தான். அந்தச் சந்தேகத்தோடு ஒரு முடிவெடுக்கிற பத்து விநாடி இருக்கிறதே, வேறெந்த மொபைல் ஆட்டத்திலும் எனக்கு அது கிடைக்கவில்லை. 2022இல் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த மொபைல் ஆட்டத்துக்கான விருது இதற்குப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அக்கா மகனும் இப்போது பின்வாங்கப் பழகிவிட்டான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். எதிரில் ஆடுவது எப்போதும் மனிதர் அல்ல. மனிதர் மாதிரி ஆடும் கணினி நிரல்களும் கலந்திருக்கின்றன. கொஞ்ச நாள் ஆடினால் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் கண்டுபிடித்த பிறகு அந்த ஆட்டத்தில் மிரட்டலுக்கும் சந்தேகத்துக்கும் வேலையில்லாமல் போகிறது.

ஹார்த்ஸ்டோனின் பலம் வேறு. 30 கார்டு என்பதால் டெக்குக்கு ஒரு குணம் வந்துவிடுகிறது. தனித்தனிக் கார்டுகள் கொண்ட வகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆட வேண்டும். தொடக்கத்தில் ஒன்பது வகுப்புகள், 2020இல் டீமன் ஹன்டர், 2022 டிசம்பரில் டெத் நைட் என்று இப்போது பதினொன்று. பிரீஸ்ட் ஆடுகிறவரும் ஹன்டர் ஆடுகிறவரும் இரண்டு வேறு ஆட்டம் ஆடுகிற மாதிரிதான் இருக்கும். எதிராளியின் வகுப்பைப் பார்த்ததுமே அவர் கையில் எதெல்லாம் இருக்கலாம், எதெல்லாம் இருக்கவே முடியாது என்று ஒரு பட்டியல் மனதில் ஓடும். ஸ்னாப்பில் வகுப்பு கிடையாது, எந்தக் கார்டும் எவரிடமும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம், வெளியே குற்றாலச் சாரல் விழுந்துகொண்டிருக்க, அவசரமில்லாமல் உட்கார்ந்தால் என் கை ஹார்த்ஸ்டோனைத்தான் திறக்கிறது. அதற்குள்ளேயே 2019இல் வந்த பேட்டில்கிரவுண்ட்ஸ் என்ற எட்டு பேர் ஆட்டத்துக்குக் கார்டு சேர்க்கவே தேவையில்லை. அதற்காக மட்டும் இதை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது கார்டு சேர்க்கும் கதைக்கு வருவோம்.

ஹார்த்ஸ்டோனில் ஒரு பேக் 100 கோல்டு. கோல்டு என்பது ஆடிச் சேர்க்கிற ஆட்ட நாணயம். உள்ளே ஐந்து கார்டு, அதில் குறைந்தது ஒன்றாவது ரேர் அல்லது அதைவிட அரிய வகை. வேண்டாத கார்டை உடைத்து டஸ்ட் ஆக்கலாம், அந்த டஸ்டைக் கொண்டு வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம். விகிதம் கடுமைதான். மிக அரிய வகையான லெஜெண்டரி ஒன்றைச் செய்ய 1600 டஸ்ட், உடைத்தால் 400. அதாவது நான்கை உடைத்தால் ஒன்று. சாதாரண வகையான காமன் செய்ய 40, உடைத்தால் வெறும் 5. ஆனால் எந்தக் கார்டு என்று முடிவு செய்வது நான். இன்று ஒரு டெக் ஆசைப்பட்டால் இன்றே செய்யலாம், இருப்பதை இழக்க மனமிருந்தால் போதும். புதுத் தொகுப்பின் முதல் பத்து பேக்குக்குள் ஒரு லெஜெண்டரி நிச்சயம். ஒரு கார்டின் பலத்தைக் குறைத்தார்கள் என்றால், குறிப்பிட்ட நாட்களுக்குள் அதை உடைத்துச் செய்த செலவை முழுதாகத் திரும்ப வாங்கலாம். இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதன் மறுபக்கம் ஸ்டாண்டர்டு. 2016இல் கொண்டுவந்த இந்த முறைப்படி ஒவ்வொரு வருடமும் பழைய தொகுப்புகள் ஓரங்கட்டப்படும். அவற்றை வைல்டு என்ற இன்னொரு ஆட்டமுறையில் மட்டும் ஆடலாம். ஆசையாகச் செய்த கார்டுக்கும் ஸ்டாண்டர்டில் ஆயுள் அதிகபட்சம் இரண்டு வருடம் என்பது வலிக்கத்தான் செய்யும். 2021இலிருந்து கோர் செட் என்ற அடிப்படைக் கார்டுகளை இலவசமாகக் கொடுப்பதால் புதிதாக வருகிறவர் பாடு கொஞ்சம் பரவாயில்லை.

ஸ்னாப்பில் கார்டுக்கு ஆயுள் முடிவதில்லை, ஒரே கார்டு இரண்டு தேவையும் இல்லை. கார்டுகளைச் சீரிஸ் என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். சீரிஸ் 1, 2 கார்டுகள் காசு செலவில்லாமல் வரிசையாக வந்துவிடும். ஆடிச் சேர்க்கிற கிரெடிட்டைக் கொடுத்துக் கார்டின் தோற்றத்தை மேம்படுத்தினால் கலெக்‌ஷன் லெவல் ஏறும், ஏற ஏறப் புதுக் கார்டு திறக்கும். 500ஐ நெருங்கியதும் சீரிஸ் 3 தொடங்கும். அதுவரையிலான நாட்கள் சொர்க்கம். ஆளுக்கொரு கலவை, யாரிடமும் முழு டெக் இல்லை, அதனால் இருப்பதை வைத்து யோசிக்க வேண்டும். புனலூரில் என்னோடு வேலை பார்க்கும் மலையாளி நண்பரும் நானும் அந்த நாட்களில் டீக்கடையில் வேறெதுவும் பேசவில்லை. அவருக்கு வந்த கார்டு எனக்கு வராது, எனக்கு வந்தது அவருக்கு வராது.

பிறகுதான் சுவர். வாரத்துக்கு ஒரு புதுக் கார்டு என்ற கணக்கில் வெளியிட்டுக்கொண்டே இருந்தார்கள். டோக்கன் என்ற ஆட்ட நாணயம் கொடுத்து வாங்கும் கடையில் சீரிஸ் 4 கார்டு 3000ஆகவும், சீரிஸ் 5 கார்டு 6000ஆகவும் இருந்தன. டோக்கன் சேரும் வேகமோ ஆமை. உடைக்க வழியில்லை. கையிலுள்ள எதையும் இன்னொன்றாக மாற்ற முடியாது. 2023 ஜூலையில் ஸ்பாட்லைட் கேஷ் என்று, சாவி போட்டுத் திறக்கும் பரிசுப் பெட்டி ஒன்று வந்தது. நான்கு சாவி சேர்த்துவைத்தால் அந்த வாரத்துக் கார்டு உறுதி. 2025இல் அதையும் எடுத்துவிட்டு ஸ்னாப் பேக் கொண்டுவந்தார்கள். முறை மாறும்போதெல்லாம் பழைய முறைக்காகச் சேமித்த பழக்கத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. அதோடு சில வாரங்களுக்கு ஒருமுறை கார்டுகளின் பலத்தை மாற்றுகிறார்கள். ஆட்டம் தேங்காமல் இருக்க அது நல்லதுதான். ஆனால் 6000 டோக்கன் கொடுத்த கார்டின் பலம் குறைந்தால் ஹார்த்ஸ்டோன் மாதிரி ஈடு கிடையாது. "அண்ணாச்சி, சேர்க்கத்தான் விடுறாங்க, தேர்ந்தெடுக்க விடமாட்டேங்கிறாங்க" என்று நண்பர் தமிழில் சொன்னதைத்தான் நானும் சொல்வேன்.

பள்ளியில் மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டு வைத்திருந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: இரண்டைக் கொடுத்து ஒன்றை வாங்குவோம். இந்த இரண்டு ஆட்டத்திலும் அந்தக் கைமாற்று கிடையாது. அது இல்லாதபோது, உடைத்துச் செய்யும் வசதியாவது இருந்தால்தான் சேகரிப்பு நம் கையில் இருக்கும்.

காசு விஷயம். கார்டு ஆட்டம் என்றதும் வீட்டில் ரம்மியா என்று பயப்படுகிறார்கள். ரம்மியில் பணம் இழந்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். இந்த இரண்டும் அந்த வகை இல்லை. பணம் வைத்து ஆடுவதும் கிடையாது, பணமாகத் திரும்பி வருவதும் கிடையாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடுப்பது பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை. ஆனால் பேக் வாங்கும்போது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல்தான் வாங்குகிறோம், அதனால் பிள்ளைகள் கையில் யுபிஐ இணைந்த போனைக் கொடுக்கும்போது கடவுச்சொல் போட்டே கொடுங்கள். ஸ்னாப்பின் சீசன் பாஸ் மாதத்துக்கு 10 டாலர் கணக்கு, அதில் ஒரு புதுக் கார்டு உடனே கிடைக்கும். ஹார்த்ஸ்டோனில் தொகுப்புக்கு முன்பதிவு 50, 80 டாலர் என்று போகும், வருடத்துக்கு மூன்று தொகுப்பு. பாஸை எப்போதாவது வாங்கலாம். முன்பதிவு நம் ஊர்ச் சம்பளத்துக்கு ஏற்றதில்லை, கோல்டு சேர்த்து வைத்தாலே ஓரளவு ஆடலாம்.

எவ்வளவு செலவழித்தாலும் அது சொத்து கிடையாது என்பதற்கு இரண்டு ஆட்டமுமே சாட்சி. 2023 ஜனவரியில் சீனாவில் ஹார்த்ஸ்டோன் நின்றுபோய், 2024 செப்டம்பரில்தான் திரும்ப வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டாக் தடையோடு சேர்ந்து ஸ்னாப்பும் ஓரிரு நாள் முடங்கியது. அப்போது அதை வெளியிட்டுவந்த நுவெர்ஸ், டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸின் நிறுவனம் என்பதுதான் காரணம். வால்வ் மாதிரிப் பெரிய நிறுவனம் 2018இல் கொண்டுவந்த ஆர்ட்டிஃபேக்ட் என்ற கார்டு ஆட்டத்தை 2021இலேயே கைவிட்டுவிட்டது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஸ்னாப்பை இறக்குங்கள், சீரிஸ் 3 பாதி சேரும்வரை ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். அந்தக் காலத்தில் காசு போட்டால் வேகம் கூடுமே தவிர ரசனை கூடாது. அப்புறமும் ஆசை அடங்காமல் டெக் கட்டுவதில் மனம் போனால் ஹார்த்ஸ்டோனுக்கு வாருங்கள். அங்கே கணக்குத் தொடங்கும்போது அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று பகுதி கேட்கும். ஒரு பகுதியில் சேர்த்த கார்டு இன்னொரு பகுதிக்கு வராது. கூட ஆடப்போகிறவர்கள் எந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அதே பகுதியில் தொடங்குங்கள்.